ஒரே மூச்சில் எண்ணிய அண்ணா

இந்த நினைவு மலர் அண்ணாவின் கைக்குக் கிடைத்திருந்தால் முதலில் அதை முகர்ந்து பார்த்திருப்பார். அச்சு மை மணந்தால், "யன்னலைத் திறந்து வைச்சிட்டு வாசியுங்கோ" என்று சொல்லியிருப்பார். அவருடைய முதலாவது ஆண்டு நினைவு நாளில் இதைக் கையில் எடுக்கும் உறவினர்களும் நண்பர்களும் ஒரு யன்னலையாவது திறந்துவிட்டு வாசிக்கும்படி அவருடைய ஒரே தங்கை கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணா கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பிறந்தார். எங்களைப் பெற்ற ஐயா வடக்கிலிருந்து வந்து அங்கே மிளகாயும் மல்லியும் அரைக்கும் மில் ஒன்றை நடத்தினார். மில்லுக்குப் பின்னால் எங்கள் வீடு. இடையில் ஒரு மரக்கதவு மட்டும். காலையில் இயந்திரம் ஓடத் தொடங்கினால் சோற்றிலும் தூள், தலையணையிலும் தூள், என் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் தூள். எங்கள் வீட்டில் ஒருவர் தும்மினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நெடுநேரம் தும்மாமல் இருந்தால்தான் "என்ன, சுகமில்லையோ?" என்று கேட்பார்கள்.

ஐயாவின் இருமலையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம். மில் வைத்திருப்பவருக்கு இருமல் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்தோம். கடைசி இரண்டு மாதமும் அவரால் படுக்க முடியவில்லை. கதிரையில் குந்தியபடி, வாயைத் திறந்து, காற்றைத் தேடித் தேடி இழுத்தார். அவர் கண்மூடியபோது அண்ணாவுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினொன்று. செத்த வீட்டுக்கு வந்த சனம் கலைந்த பிறகு அண்ணா என்னைக் கூப்பிட்டு, "இந்த வீட்டில இனி ஒருத்தரும் மூச்சுக்குத் தவிச்சுப் போகக்கூடாது, தங்கச்சி" என்றார். அழுதுகொண்டு சொன்னதாக நினைவில்லை. கணக்கு வாத்தியார் விடை சொல்வதுபோலச் சொன்னார்.

மில்லை அவரே பொறுப்பேற்றார். படிப்பு அத்துடன் நின்றது. முதல் வேலையாகப் பின்சுவரை இடித்து இரண்டு பெரிய யன்னல் வைத்தார். கூட்டுவதற்கு முன் நிலத்துக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். பிறகு, நனைத்த வேட்டித் துண்டொன்றால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றார். மலையகத்திலிருந்து வந்து எங்களிடம் வேலை செய்தவர்களுக்கு அது பெரிய பகிடி. "சின்ன முதலாளி கலியாணப் பொண்ணு மாதிரி மூஞ்சிய மூடிக்கிட்டு வாராரு பாருங்க" என்பார்கள். அண்ணா கோபிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, தன் துண்டை அவிழ்த்து விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். அதில் மூக்கு இருந்த இடம் செங்கல் நிறத்தில் இருந்தது. அடுத்த நாளே ஆளுக்கொரு துண்டு கேட்டார்கள்.

ஆனாலும் சிறுவயதில் போன தூள் போனதுதான். ஐம்பது வயதில் அண்ணாவுக்கு ஒரு மாடி ஏறவே மூச்சு வாங்கியது. பொரளையில் நெஞ்சு வைத்தியர் ஒருவரிடம் சனல் பண்ணி, நேரம் எடுத்துக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "கெட்டுப்போன பகுதியைத் திருப்பி எடுக்கேலாது. மிச்சத்தை நீங்கள் நினைச்சாக் காப்பாத்தலாம்" என்றார். வேறு யாராவது என்றால் முதல் வசனத்தைப் பிடித்துக்கொண்டு இடிந்து போயிருப்பார்கள். அண்ணா இரண்டாவது வசனத்தைப் பிடித்துக்கொண்டார். அந்த வருடமே மில்லை விற்றார். பின்வீட்டை எனக்கென்று வைத்துவிட்டு, தன் மனைவியான மச்சாளையும் மகளையும் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தையில் கடற்பக்கமாக ஒரு மூன்றாம் மாடி வீட்டுக்குக் குடிபோனார்.

அதன்பிறகு வந்த காலத்தை அவர் ஒரு உத்தியோகம் போலவே நடத்தினார். வாகனப் புகை எழும்ப முன்னர், விடிந்ததும் விடியாததுமாகக் கடற்கரை வீதியில் நடப்பார். முதல் மாதம் இரண்டு மின்கம்பத் தூரம். பிறகு வாரத்துக்கு ஒரு கம்பம் கூட்டினார். லிஃப்ட் இருந்தும் படியில்தான் ஏறுவார். மூக்கால் இழுத்து, சூடான தேநீரை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து மெதுவாக விட்டு, இரண்டு படிக்கு ஒரு மூச்சு. நுளம்பு கடித்தாலும் வீட்டில் நுளம்புச் சுருள் கொளுத்துவதில்லை, வலை கட்டித்தான் படுக்கை. கூட்டுகிற தும்புத்தடி போய், துடைக்க ஈரத் துணி வந்தது. மச்சாள் செத்தல் மிளகாய் வறுப்பதென்றால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அண்ணா எல்லா யன்னலையும் திறந்துவிட்டு, கதவடியில் நின்று, "ஓம், இப்ப வறும்" என்று அனுமதி கொடுப்பார். கூனிக்கொண்டு இருக்கும் யாரையும் விடமாட்டார். "நிமிந்து இரும் ஐசே, நெஞ்சுக்க இடம் இருந்தால்தானே காத்து வரும்" என்று முதுகில் ஒன்று வைப்பார். மருந்தையும் ஒரு வேளை தவறவிட்டதில்லை. நடையை நம்பி மருந்தை விட்டவர்களுக்கு அவரிடம் கிடைத்த பேச்சை இங்கே அச்சிட முடியாது.

எங்கள் மச்சான் ஒருவர் சிகரெட் பிரியர். அண்ணா அவரை ஒருநாளும் கண்டித்ததில்லை. அவர் பெட்டியை எடுத்தவுடன் தேநீர்க் கோப்பையைக் கையில் கொடுத்து, "கீழ வாசலடியில வசதியா இருக்கும்" என்று அனுப்பிவிடுவார். மூன்று மாடி இறங்கி, மூன்று மாடி ஏறி வரவேண்டும். லிஃப்டில் வந்தால் திரும்பவும் தேநீர் கொடுத்து அனுப்புவார். இரண்டு வருடத்தில் மச்சான் சிகரெட்டை விட்டார். இன்றைக்கும் அவர், தான் விட்டது படியேறப் பஞ்சிப்பட்டுத்தான் என்கிறார்.

இனி என் கதைக்கு வருகிறேன். அண்ணாவின் கதை அதற்குள்தான் இருக்கிறது.

நான் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சொல்லிக் கொடுத்துப் பழகிய வாய்க்குக் கேட்டுப் பழக்கமில்லை. கொட்டாஞ்சேனை வீட்டில் தனியாக இருக்கிறேன். தினமும் காலை ஆறரை மணிக்கு, நடந்து முடித்த கையோடு, அண்ணா தொலைபேசி எடுப்பார். வணக்கம், சுகம் ஒன்றும் கிடையாது. ஒரு மூச்சை இழுத்து, "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று எண்ணத் தொடங்குவார். மூச்சு முடியும் இடத்தில் நிறுத்துவார். பிறகு, "இப்ப நீ எண்ணு" என்பார். அவருக்கு இருபத்தெட்டு வந்தால் எனக்கு முப்பது வரும். அவருக்கு முப்பது என்றால் எனக்கு முப்பத்தொன்று. "நீ வெண்டிட்டாய், பரவாயில்லை, நாளைக்குப் பாப்பம்" என்று வைத்துவிடுவார். நோயாளி அண்ணனுக்கு ஒரு உற்சாகமாக இருக்கட்டும் என்று நானும் விளையாடினேன். அவருடைய சுவாசத்துக்கு நான் காவல் நிற்பதாக எனக்கு உள்ளூரப் பெருமை.

மூன்று வருடங்களுக்கு முன்னர் எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. எனக்கு இருபத்தாறு வந்தது, அண்ணாவுக்கு இருபத்துநாலு. பிறகு எனக்கு இருபத்துநாலு, அவருக்கு இருபத்திரண்டு. நான் பதறிப்போய் மச்சாளிடம் கேட்டேன். "அவர் நல்லாத்தான் இருக்கிறார், மச்சாள். உங்களுக்குத்தான் குரல் அடைச்சிருக்கு" என்றார். மழையில் நனைந்த தடிமன் என்று சொல்லி அதைத் தட்டிவிட்டேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை பின்னேரம் அண்ணா சொல்லாமல் கொள்ளாமல் கொட்டாஞ்சேனைக்கு வந்து இறங்கினார். கதவைத் திறந்தபோது அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அவ்வளவு சாம்பிராணிப் புகை. வெள்ளிக்கிழமை என்றால் யன்னல், கதவு எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்திவிட்டு அறை அறையாகப் புகை போடுவது என் வழக்கம். திறந்து வைத்தால் புகை போய்விடும், புகையோடு பலனும் போய்விடும் என்பது என் எண்ணம். போதாததற்கு, ஒவ்வொரு பின்னேரமும் கட்டிலடியில் நுளம்புச் சுருள்.  அண்ணா சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்தில் வைத்தார்.

"அண்ணா, அது சாமிக்குப் போட்டது."

"சாமி முத்தத்திலயும் இருப்பார். அவருக்கு மூச்சு விடத் தேவையில்லை, பிள்ளை. உனக்குத்தான் வேணும்."

"நான் என்ன சிகரெட்டோ குடிக்கிறன்?"

"ஐயாவும் குடிக்கேல்ல."

 எனக்குக் கோபம் வந்தது. "டொக்டரிட்ட ஒருக்கா வா, நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றார். "எனக்கு ஒண்டுமில்லை, உங்கட நெஞ்சைப் பாருங்கோ" என்றேன். அவர் சால்வையை உதறித் தோளில் போட்டார். பிறகு, "சரி, நீ எண்ணுறதை மட்டும் விட்டிடாத" என்றுவிட்டுப் புறக்கோட்டை பஸ் எடுக்கப் போனார்.

இந்த மலரில் பொய் எழுதக் கூடாது. நான் அண்ணா வருவதாகச் சொன்ன வெள்ளிக்கிழமைகளில் மட்டும் யன்னலைத் திறந்து வைத்தேன். மற்ற வெள்ளிக்கிழமைகளில் பழைய குருடிதான். பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யாமல் ஏமாற்றினால் கண்டுபிடித்துத் தண்டித்தவள், எழுபது வயதில் அதையே செய்தேன். அண்ணாவுக்கு அது தெரிந்திருக்கும். காலையில் என் எண்ணிக்கை காட்டிக்கொடுத்திருக்கும்.

சென்ற வருடம் ஒரு காலை அண்ணா இருபத்தொன்றில் நிறுத்தினார். எனக்கு, அந்த மாதம் முழுக்க வந்ததுபோல, இருபத்துமூன்று. "நீ வெண்டிட்டாய்" என்றார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, கடல் தெரியும் யன்னலருகே கதிரையில் நிமிர்ந்து இருந்தபடியே போய்விட்டார். இதயம் நின்றுவிட்டது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார். மச்சாள் பக்கத்தில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவர், அவருக்கே உடனே தெரியவில்லை. ஒரு இழுப்பில்லை, ஒரு தவிப்பில்லை. எழுபத்தெட்டு வயதில், ஐயா கேட்டும் கிடைக்காத மரணம் என் அண்ணாவுக்குக் கிடைத்தது. அதை நினைத்து இன்றும் அழுகிறேன், இன்றும் பெருமைப்படுகிறேன்.

முப்பத்தோராம் நாள் கிரியையை மொட்டை மாடியில் வைக்க வேண்டும் என்று அண்ணாவின் மகள் பிடிவாதமாக நின்றாள். மூன்றாம் மாடி வீட்டுக்குள் ஓமப் புகையை அப்பா சம்மதிக்கமாட்டார் என்றாள். ஐயர் மறுப்பார் என்று பயந்தோம். அவர் சிரித்துக்கொண்டு, "புகை மேல போறதுக்குத்தானே மூட்டுறம், பிள்ளை. மேலயே மூட்டுவம்" என்றார். கடற்காற்றில் புகை ஒரு நொடியும் நிற்கவில்லை. எனக்கு மட்டும் இருமல் அடங்கவே இல்லை. திறந்த வெளியில், எல்லோருக்கும் முன்னால், ஐயாவின் அதே இருமல். மச்சாள் என் கையைப் பிடித்து, "அவருக்காக ஒருக்கா வாங்கோ" என்றார்.

பொரளையில் அதே வைத்தியர், இப்போது தலை நரைத்துவிட்டது. நான் அண்ணாவின் பெயரைச் சொல்லி அவருடைய தங்கை என்றேன். அவர் பேனையை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இருபத்துமூண்டு நீங்கள்தானே?"

எனக்கு விளங்காததைக் கண்டு அவரே சொன்னார்: "அவர் வரேக்க எல்லாம் முதல் உங்கட எண்ணிக்கையைத்தான் சொல்லுவார். 'தங்கச்சிக்கு முப்பதில இருந்து இறங்குது டொக்டர், அவள் வரமாட்டாள், என்ன செய்யிறது' எண்டு. எண்ணிப் பாக்கச் சொல்லிக் குடுத்ததே நான்தான். தன்ர எண்ணிக்கையை நான் கேட்டால்தான் சொல்லுவார்."

"அவருக்கும் இறங்கினதுதானே, டொக்டர்? கடைசியில இருபத்தொண்டு."

வைத்தியர் கோவையைப் புரட்டிப் பார்த்தார். "இல்லையே. போன முறையும் எனக்கு முன்னால முப்பத்துமூண்டு வரை எண்ணினவர்."

அந்த அறையில் நான் அழுத அழுகையை அண்ணாவின் செத்த வீட்டிலும் அழவில்லை. முதல் நாள் எனக்கு எத்தனை வந்ததோ, அதில் ஒன்றோ இரண்டோ குறைத்து ஒவ்வொரு காலையும் அண்ணா நிறுத்தியிருக்கிறார். தோற்றால் நான் தொலைபேசியை எடுக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். நான் அவருக்குக் காவல் நின்றதாக நினைத்த அத்தனை வருடமும் அவர்தான் எனக்குக் காவல் நின்றார்.

இப்போது என் வீட்டில் வெள்ளிக்கிழமை ஒரு நெய் விளக்கும் மல்லிகைப் பூவும்தான். கட்டிலுக்கு வலை கட்டியாயிற்று. வைத்தியர் தந்த மருந்தை இழுக்கிறேன். காலையில் நடக்கிறேன். முதல் மாதம் இரண்டு மின்கம்பம்தான்.

அண்ணாவை இவ்வளவு காலம் எங்களுக்குக் காத்துத் தந்த பொரளை வைத்தியருக்கும், பகிடி பண்ணினாலும் துண்டு கட்டி அவருடன் உழைத்த மில் தொழிலாளர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும், மொட்டை மாடிக்குப் பந்தல் ஏற்றிய அயலவர்களுக்கும், புகைக்கு அதன் இடத்தைக் காட்டிய ஐயருக்கும், படியேறிப் படியேறி வந்து துக்கம் விசாரித்த மச்சானுக்கும், தூரத்திலிருந்தும் பக்கத்திலிருந்தும் வந்து எங்களோடு நின்ற அனைவருக்கும், மச்சாள், மகள் சார்பிலும் என் சார்பிலும் நெஞ்சார்ந்த நன்றி.

அண்ணாவின் மகள் இப்போது காலை ஆறரைக்கு எனக்குத் தொலைபேசி எடுக்கிறாள். தான் முதலில் எண்ணப் போவதாகச் சொன்னாள். விடவில்லை. காவல் நிற்பவர்தான் முதலில் எண்ண வேண்டும்; நான்தான் முதலில் எண்ணுகிறேன்.

இன்று காலை முப்பத்துநாலு வந்தது, அண்ணா. நீங்கள் குறைத்துச் சொல்லத் தேவையில்லை.