பெரியக்காவின் டிக் டிக்

வகுப்பில் எல்லாரும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்த வாத்தியார்கூட ஒருநாள் வாய் தவறி அப்படியே கூப்பிட்டுவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார். சலவைக்கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள், பிள்ளை வயதுப் பையன்களோடு உட்கார்ந்து இசைக் கல்லூரியில் டிரம்ஸ் படித்தாள். கடைக்காரருக்கு அவளை விட்டுவிட மனமில்லை. படிப்பு முடிந்து வேலை ஒன்றும் அமையவில்லையென்றால் வந்துவிடு, உன் இஸ்திரிப் பெட்டி உனக்குத்தான் என்று சொல்லியிருந்தார். படிப்பு இந்த வாரம் முடிகிறது. திங்கட்கிழமை அவர் பெட்டியைச் சூடேற்றி வைத்திருப்பார்.

ராகங்களை ஆராய்கிற படிப்பில்லை அது. மேடையில் பிழைக்கிற படிப்பு. கேபிளை முறுக்கில்லாமல் சுருட்டுவது, ஒத்திகைக்கு நேரத்தோடு வருவது, கச்சேரிக்குக் கூப்பிட்டவர் எரிந்து விழுந்தாலும் பல்லைக் காட்டுவது, எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. இருப்பதிலேயே பெரிய விதி, தொடங்கிய பாட்டை நிறுத்தக் கூடாது என்பது. கூரை விழுந்தாலும் பாட்டை முடித்துவிட்டுத்தான் தூசி தட்ட வேண்டும். நிறுத்தினால் ஃபெயில்.

கடைசித் தேர்வு ஒரு மேடைக் கச்சேரி. ஊர் ஊராகப் போகிற இசைக்குழு ஒன்றின் மேனேஜர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு டிரம்மர் வேண்டும். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பது கல்லூரி முழுக்கத் தெரிந்த சங்கதி.

இந்த மாதிரிக் கச்சேரிகளில் லேப்டாப்பை டிரம்மர்தான் பார்த்துக்கொள்வார். அதிலிருந்து இரண்டு கேபிள்கள் போகும். ஒன்றில் ஆள் இல்லாத வாத்தியங்களின் ஒலி, வயலின் மாதிரி. அது அரங்கத்துக்கு. இன்னொன்றில் டிக் டிக்கென்று ஒரு தாளமும், அடுத்து என்ன வருகிறது என்று சொல்கிற ஒரு குரலும். அது வாசிப்பவர்களின் காதுக்குள் மட்டும். அந்தக் குரலைப் பெரியக்கா தன் வீட்டுச் சமையலறையில் நின்று தானே பதிவு செய்திருந்தாள். கேட்கப்போவது பாட்டுக்காரனும் கிட்டார் தம்பியும் கீபோர்டுப் பெண்ணும்தானே என்று, ஒத்திகையில் எப்படிப் பேசுவாளோ அப்படியே பேசி வைத்திருந்தாள்.

மேடை ஏறிய அவசரம். கேபிள்களை மாற்றிச் செருகிவிட்டாள்.

பாட்டு தொடங்கியதும் காதுக்குள் வயலின் தேனாய்ப் பாய்ந்தது. அரங்கத்தின் பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து டிக் டிக் வந்தது. பின்னாலேயே அவள் குரலும் வந்தது.

"பாட்டுக்காரா, முந்தாதே. பஸ் போயிடாது."

அரங்கம் ஒரு நொடி யோசித்தது. பிறகு சிரித்தது. டிக் டிக்குக்கு யாரோ கை தட்ட, வரிசை வரிசையாக அது தொற்றிக்கொண்டது. அந்தக் கைத்தட்டலைப் பிடித்துக்கொண்டு நாலு பேரும் வாசித்தார்கள்.

"கிட்டார் தம்பி, இப்ப உன் ஆட்டம். கண்ணை மூடிக்கிட்டு உருகாதே, பாக்கச் சகிக்கலை."

தம்பி பொசுக்கென்று கண்ணைத் திறந்தான். அரங்கமே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. காது சிவக்கச் சிவக்க, அவன் என்றைக்கும் வாசிக்காத மாதிரி வாசித்தான்.

பெரியக்காவுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் கடைசியில் பேசி வைத்தது ஞாபகம் வந்தது. ஒரு கேபிளைப் பிடுங்கினால் போதும். பிடுங்க ஒரு கை வேண்டும், கை போனால் தாளம் போகும். குரலைச் சத்தத்தில் அமுக்கிவிடுவதுதான் ஒரே வழி என்று, அந்த இடம் நெருங்கியதும் எல்லா டிரம்மையும் சேர்த்து உருட்டி இடி இடித்தாள்.

அப்படி உருட்டினால் எல்லாரும் ஒன்றாக ஒரு கணம் வாசிப்பை நிறுத்தி நிற்க வேண்டும் என்று மற்ற மூவரையும் வருஷம் பூராவும் பழக்கியவள் அவளேதான். நின்றார்கள், கத்தரித்த மாதிரி. பழக்கதோஷத்தில் அவள் கையும் நின்றது. டிக் டிக் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அமைதியில் அவள் குரல் நிதானமாகச் சொன்னது.

"கடைசி வரி வருது. எல்லாரும் முன்வரிசைக்காரரைப் பாத்து இளிங்க. அவரு சிரிக்க மாட்டாரு, இஞ்சி தின்ன மூஞ்சி. பரவாயில்ல, எனக்கு வேலை வேணும்."

நாலு பேரும் மேனேஜரைப் பார்த்து இளித்தார்கள். படித்த படிப்பு அப்படி. பிறகு பாட்டுக்காரன் கடைசி வரியை எடுக்க, அரங்கமே கூடச் சேர்ந்து பாடி முடித்தது. வாத்தியார் குனிந்து தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார். அழுகிறார் என்றே பெரியக்கா நினைத்தாள்.

மேடைக்குப் பின்னால் முதலில் வந்தவர் அவள் கணவர், லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். இத்தனை வருஷம் நான் ஒருத்தனே கேட்டுக்கிட்டிருந்ததை இன்னைக்கு ஊரே கேட்டுடுச்சு, மனசு லேசாயிடுச்சு என்றார். அவர் பின்னாலேயே மேனேஜர் வந்து நின்றார். அதே மூஞ்சி.

"ஐயா, மன்னிச்சுக்கங்க."

"சிரிச்சேன்மா. உள்ளுக்குள்ள. எனக்கு வெளியில வராது." கேபிள்களை ஒரு பார்வை பார்த்தார். "டிக் டிக் வெளியில போயும் நீங்க நிறுத்தலை. திங்கட்கிழமை காலையில வண்டி கிளம்புது. வந்துடுங்க. கேபிளை மட்டும் நீங்க தொடாதீங்க."

அவர் போன பிறகும் அவள் கைகள் தொடையில் டிக் டிக்கென்று தட்டிக்கொண்டிருந்தன.

"அப்ப கடைக்காரருக்கு என்ன சொல்றது?" என்றார் கணவர்.

"பெட்டியை அணைச்சுடச் சொல்லுங்க."