மூச்சைக் கேட்கும் உத்தியோகம்

மயக்க மருந்து கொடுப்பவனுக்கு முதலில் வேண்டியது கை அல்ல, காது. அறுபதுகளில் தர்மபுரிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு அந்த வேலை. முகமூடியில் ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டபடி, நோயாளியின் மூச்சு சீராக வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இரைச்சலில் பிழைப்பு நடத்தும் அன்பர்களே, உங்களுக்குத்தான் என் பாடு புரியும்.

கடலை விலை

எங்கள் பெரிய டாக்டருக்குப் பாட்டு இல்லாமல் கத்தி ஓடாது. ஈதர் தீப்பற்றும் என்று நான் அடம்பிடித்ததால், அவருடைய டிரான்சிஸ்டர் ஜன்னலுக்கு வெளியே இருந்து பாடும். எங்களுக்குப் பெங்களூர் ஸ்டேஷன்தான் கணீரென்று கேட்கும். கன்னடப் பாட்டு வேகமெடுத்தால் தையலும் வேகமெடுக்கும். ஒருநாள் வயிற்றைத் திறந்திருக்கும்போது பாட்டு நின்று விவசாயச் செய்தி வந்தது. எட்டிப் பார்த்தால், நோயாளியின் மைத்துனர், கடத்தூர்க்காரர், ஸ்டேஷனைத் திருப்பி வைத்துக்கொண்டு நிற்கிறார். டாக்டர் உள்ளேயிருந்து அதட்டியும் அசையவில்லை.

"கடலை வெல சொல்லி முடிச்சுரட்டுங்க சார், மச்சான் கண்ணு முழிச்சதும் அதைத்தானுங்க கேப்பாரு."

பின்தெருக் கல்யாணம்

கூம்பு ஸ்பீக்கரை எங்கள் ஜன்னலைப் பார்த்தே கட்டிவிட்டார்கள். மூச்சு காதில் விழவில்லை. முகமூடியோரம் உள்ளங்கையை வைத்து, மூச்சுச் சூட்டைப் பார்த்து ஒப்பேற்றினேன். ஆளனுப்பி நிறுத்தச் சொன்னோம், நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் பெண்ணின் தகப்பனாரே வாசலில் வந்து கைகட்டி நின்றார்.

"ஸ்பீக்கர் செட்டு நின்னதும் கல்யாணமே நின்னுருச்சான்னு மாப்பிள்ளை வூட்டு சனம் கேக்குதுங்க."

சித்தேரிக்காரர்

இவருக்குக் குடலிறக்கம் முறுக்கிக்கொண்டது. அன்றைக்கே விடுவிக்காவிட்டால் ஆள் பிழைக்க மாட்டார். நெஞ்சில் சளி, ஈதர் ஆகாது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தோம். ஆள் முழு விழிப்பு. மூச்சு நன்றாகக் கேட்கட்டும், ரேடியோ வேண்டாம் என்று நானே கேட்டு வாங்கினேன். அந்த நிசப்தத்தில் கத்தரிக்கோல் தட்டில் விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் உடம்பு தூக்கிப் போட்டது. எழுந்திருக்கப் பார்த்தார். டாக்டர் கையை எடுத்துவிட்டார்.

ரேடியோவைப் போடச் சொன்னார் டாக்டர். மதிய இடைவேளை, ஸ்டேஷன் மூடியிருந்தது. அப்படியானால் நீ பாடு என்றார். எனக்கு முழுசாகத் தெரிந்தது பள்ளிக்கூடப் பிரார்த்தனைப் பாட்டு ஒன்றுதான். சுருதி என்ற சாமானை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் பாடினேன், திரும்பத் திரும்பப் பாடினேன். அவர் என் முகத்தையே பார்த்தபடி ஆடாமல் அசையாமல் கிடந்தார். கறுத்திருந்த குடலில் மறுபடி ரத்தம் ஓடி மெல்லச் சிவந்தபோது, சொல்ல வெட்கமில்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் வார்டில், பாட்டு பயத்தைப் போக்கியதா என்று பெருமையோடு கேட்டேன்.

"வெட்டுற பயம் அப்பவே போயிருச்சுங்க சார், நீங்க எப்ப நிறுத்துவீங்கங்கிற கவலைதானுங்க கடைசி வரைக்கும் இருந்துச்சு."

மயங்க வைக்கச் சம்பளம் வாங்கிய நான், மிரள வைத்தும் ஓர் உயிரைப் பிழைக்க வைத்திருக்கிறேன் என்பதுதான் என் சர்வீஸின் ஒரே சாதனை.