மேற்குப் பள்ளியின் ஒலிபெருக்கி

என் மனைவிக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. எங்கள் வீடு கடலோரம். நான் மீன்பிடிக்கிறவன். பொத்துவிலில் தொழில் என்றால் வீடு வர நாளாகும். சுனாமி எச்சரிக்கை வந்தால் அவளை யார் தூக்குவது? எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

பிரதேச செயலகத்தில் அனர்த்த முன்னேற்பாட்டு வேலை பார்க்கும் மிஸ் ஒருவர் வந்தார். வீரமுனைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை. பிளாஸ்டிக் கதிரை ஒன்றின் இரண்டு பக்கமும் கம்பு கட்டுவித்தார். பக்கத்து வீட்டு அண்ணன் தம்பியைக் கூப்பிட்டு, "அறிவித்தல் கேட்டா மற்ற வேலைய விட்டுட்டு அக்காவத் தூக்குங்க," என்றார். இருவரும் ஓம் என்றார்கள்.

ஒத்திகை நாளில் நான் வீட்டில் இருந்தேன். தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் மிஸ். "நீங்க இல்லாத நாளுக்குத்தான் காக்கா இது," என்றார், எங்கள் ஊரார் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரியே.

கடலோரச் சனத்துக்குக் கேட்கட்டும் என்று கடற்கரைப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் அறிவித்தார். தொழுகை இல்லாத நேரத்தில் எங்கள் ஊரில் பள்ளி பேசினால் அது மவுத்து அறிவித்தல்தான், யாரோ இறந்த செய்தி. முழுதாகக் கேட்க ஒருவரும் நிற்கவில்லை. ஆண்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு, அதாவது கடலுக்கு நேரே, நடந்தார்கள். அண்ணன் தம்பியும் போனார்கள்.

"ஆரு மவுத்து?"

"தெரியா. பெரிய ஆளாத்தான் இரிக்கும். மோதினார் நீட்டிக் கதைக்கிறாரே."

மனைவி வாசலில் கதிரையில் தனியே இருந்தாள். "மய்யித்துப் பாக்கப் போறானுகள். நான் மய்யித்தாகும் வரைக்கும் பொறுக்க ஏலாதாம்," என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மிஸ் யாரையும் ஏசவில்லை. பள்ளி நிருவாகத்தோடு இருந்து கதைத்தார். "சனத்துக்கு ஒழுங்காச் சொல்லிக் குடுக்கணும் மிஸ்," என்றார் ஒரு பெரியவர்.

"பள்ளி கூப்பிட்டா உங்கட சனம் பள்ளிக்குத்தான் வரும். அத ஏன் மாத்துவான்? கூப்பிடுற பள்ளிய மாத்துவம்."

கடற்கரைப் பள்ளி பேசாமல் இருப்பது, வயல் பக்கத்து மேற்குப் பள்ளி அறிவிப்பது என்று முடிவானது. அதன் ஒலிபெருக்கி ஒன்றைக் கடல் பக்கம் திருப்பினார்கள். மிஸ் எங்கள் வாசலில் நின்று காது கொடுத்தார். கடல் இரைச்சலில் கேட்கவில்லை. இன்னொன்று பூட்டச் செய்து, மறுபடியும் வந்து நின்றார். கேட்டது. அப்போதுதான் போனார்.

சில மாதம் கழித்து உண்மையாகவே எச்சரிக்கை வந்தது. நான் பொத்துவிலில் வலை தைத்துக்கொண்டிருந்தேன். போன் எடுபடவில்லை. பஸ்ஸை வழியில் மறித்துவிட்டார்கள். ஊருக்கு வந்து சேர்ந்தபோது ஆபத்து இல்லை என்று அறிவித்திருந்தார்கள். கடல் வரவில்லை. வீடு திறந்து கிடந்தது. கதிரையைக் காணவில்லை. தூக்கிப் போயிருக்கிறார்கள் என்று மேற்குப் பள்ளிப் பக்கம் ஓடினேன்.

மேற்குப் பள்ளிக்குப் பின்னால் மாடி வைத்த பள்ளிக்கூடம்; சனம் அங்கேதான் ஏறியிருந்தது. மேல் மாடி வகுப்பறையில் அவள் இருந்தாள். பக்கத்தில் அண்ணன் தம்பி, தலையில் தொப்பி.

"இண்டைக்கும் மய்யித்து எண்டுதான் தொப்பியப் போட்டானுகள். போற வழியில என்னையும் தூக்கிட்டு வந்துட்டானுகள்."

"சும்மா சொல்றா காக்கா," என்றான் தம்பி. "பள்ளி கூப்பிட்டா தொப்பி இல்லாம எப்பிடி வாற?"

மிஸ் கீழே படியடியில் நின்று, வீடு திரும்பும் சனத்தை வழியனுப்பிக்கொண்டிருந்தார். எனக்குக் கதைக்க வராது. "சாப்பிட்டீங்களா மிஸ்?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல காக்கா. கதிரையில ஒரு கம்பு வெடிச்சிருக்கு. மாத்துங்க."

அன்றைக்கே மாற்றினேன்.