வாழைப்பழத்தோடு இறங்கிய என் கணவர்

பெருநாள் லீவில் துபாயிலிருந்து நானும் கணவரும் போட்ஸ்வானா சென்று, வாடகை கேரவனில் யானைக்காட்டு வழியே பயணம் செய்தோம். "பழம் எதையும் வெளியே எடுக்காதீர்கள்" என்று முகாம் காவலர் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை டீ போடும்போது, குட்டியோடு ஒரு தாய் யானை பக்கத்தில் வந்து நின்றது. என் கணவர் கும்பகோணத்துக்காரர். கோயில் யானைக்குப் பழம் கொடுத்து ஆசீர்வாதம் வாங்கியே வளர்ந்தவர். நான் திரும்புவதற்குள் வாழைப்பழத்தோடு இறங்கிவிட்டார்.

"ஏங்க, உள்ள வாங்க."

"பழம்தானே குடுக்கப் போறேன், ஒண்ணும் பண்ணாது."

யானை காதுகளை விரித்தது. தலையை உலுக்கிப் பாய்ந்து வந்து, புழுதி பறக்க அவர் முன்னால் நின்றது. பழம் கை நழுவி விழுந்தது. அவர் மெல்லப் பின்வாங்கி வண்டியில் ஏறினார். அதுவரை அசையாமல் நின்ற யானை, பழத்தை நோக்கிப் போன குட்டியைத் துதிக்கையால் அணைத்துத் திருப்பி, புதருக்குள் கூட்டிப்போனது. நினைத்திருந்தால் கேரவனையே கவிழ்த்திருக்கும். அதன் நிதானத்தை நினைத்தால் இன்றும் மெய்சிலிர்க்கிறது.

இப்போதெல்லாம் ஊருக்குப் போனால், பழத்தைப் பாகனிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றே கும்பிடுகிறோம். போன லீவில் பாகன் கேட்டார், "ஆசீர்வாதம் வாங்கலையா சார்?"

"ஏற்கெனவே வாங்கிட்டேன்" என்றார் இவர்.