யாழ்ப்பாணத்தில் யாரும் ஆடாத ஆட்டம்

அந்த நடனத்தை நான் திருடினேன்.

திருடியதோடு விட்டேனா? இல்லை. அதற்கு ஓர் ஊரும் பேரும் கொடுத்தேன். லண்டன் ஹரோவில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி விழாவில், பாவாடை கட்டிய சிறுமிகள் காலை உதைத்து, தொடையில் தட்டி, தூக்கிய முழங்காலுக்குக் கீழே கைகொட்டி ஆடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். 'அறுவடை ஆட்டம், யாழ்ப்பாணத்து மரபு நடனம்' என்று நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டிருப்பார்கள்.

பொய்! யாழ்ப்பாணத்தில் எவரும் அப்படி ஆடியதில்லை. அது எஃபுவாவின் ஆட்டம்.

எஃபுவா என்னோடு பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படித்தவள். பெற்றோர் கானாவிலிருந்து வந்தவர்கள். அவள் பிறந்து வளர்ந்தது தென் லண்டன் பெக்கத்தில். ஆய்வுகூடத்தில் எனக்குப் பக்கத்து இடம்.

எங்கள் வளாகத்தில் கண்ணாடி பதித்த நடன அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. புதன்கிழமைப் பின்னேரங்களில் அது யாருக்கு என்று எங்கள் தமிழ் மன்றப் பெண்களுக்கும் அவளுடைய ஆபிரிக்க-கரீபியன் சங்கப் பெண்களுக்கும் ஓயாத போர். கதவில் நாங்கள் ஒட்டும் தாளை அவர்கள் கிழிப்பார்கள். அவர்களுடைய ஸ்பீக்கர் வயரை நாங்கள் ஒளித்துவைப்போம். ஒருநாள் இரண்டு கூட்டமும் வெளியேற மறுத்து, இரண்டு பாட்டையும் ஒரே நேரத்தில் போட்டு ஆடி, யார் எந்தத் தாளத்துக்கு ஆடுகிறோம் என்றே தெரியாமல் ஒருவர்மேல் ஒருவர் மோதி விழுந்தோம்!

இதுவரை வேடிக்கைதான். ஆனால் எங்கள் பக்கத்துச் சிரிப்பில் வேறொன்றும் கலந்திருந்தது.

"அந்தக் காப்பிலியளுக்கு வேற இடமே கிடைக்கேல்லை?" என்பாள் ஷாலினி. கறுப்பின மக்களைக் குறித்து எங்கள் வீடுகளில் கூச்சமே இல்லாமல் புழங்கும் இழிசொல் அது. எல்லோரும் சிரிப்பார்கள். நான் குழுத் தலைவி. நான் என்ன செய்தேன்? நானும் சிரித்தேன்... மறுநாள் கன்டீனில் எஃபுவாவின் தட்டிலிருந்து சிப்ஸ் எடுத்துத் தின்றேன்.

ஆட்டத்தை எனக்குச் சொல்லித் தந்தவள் அவளே. நான் கேட்டேன், அவள் மறுக்கவில்லை. ஒரு கோடை விடுமுறை முழுவதும், தங்கள் குடியிருப்பின் சீமெந்து முற்றத்தில், தன் ஒன்றுவிட்ட சகோதரிகள் இருவரோடு அவள் அதைக் கட்டியெழுப்பியிருந்தாள். பாட்டு இல்லை, மேளம் இல்லை, உடம்பேதான் மேளம். இரண்டு உதை, ஒரு தட்டு, ஒரு கணம் மூச்சடக்கி நிற்றல், பிறகு முழங்காலுக்குக் கீழே அந்தக் கைகொட்டல்! நான் பிழைவிடும் போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். பிறகு என் காலைத் தன் கையால் தூக்கிச் சரியான இடத்தில் வைப்பாள்.

வருடாந்தப் பண்பாட்டு விழாப் போட்டி நெருங்கியது. எங்களிடம் இருந்ததோ மூன்று சினிமாப் பாட்டுகளை வெட்டி ஒட்டிய ஒரு சோம்பல் நடனம். எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. எரிச்சலில் ஒருநாள், எஃபுவாவின் அடிகளைக் கண்ணாடி முன் ஆடிக் காட்டினேன்.

எல்லோரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்கள்.

"ஐயோ, சூப்பரடி நிரு! எங்க பழகினனீ?" என்றாள் ஷாலினி.

எஃபுவா என்று சொல்லியிருக்கலாம். மூன்றே எழுத்தும் ஓர் ஆய்தமும்! ஆனால் சொன்னால் ஷாலினி முகத்தைச் சுளிப்பாள். அவர்களுடைய ஆட்டத்தை ஆடமாட்டாள். அவர்களில் ஒருத்தியோடு நான் சிநேகம் என்பதும் வெளியே வரும்... இத்தனையும் நான் யோசித்தேனா என்றுகூட இப்போது தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"அம்மான்ர ஊரில ஆடுறது. அறுவடை நேரம்."

அம்மாவின் ஊரில் நெல்வயலே கிடையாது. வெங்காயமும் புகையிலையும்தான்!

விழா நாளில் சீட்டுக் குலுக்கினார்கள். எங்களுக்கு முந்திய இடம் விழுந்தது. ஆடினோம். மண்டபம் எழுந்து நின்றது. அடுத்து எஃபுவாவின் குழு. முதல் உதையிலேயே கூட்டத்தில் முணுமுணுப்பு. தொகுப்பாளன் மைக்கில், "யாரோ தமிழ்ப் பெண்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் படித்திருக்கிறார்கள் போல!" என்று ஆங்கிலத்தில் பகிடி விட்டான். மண்டபம் முழுவதும் சிரிப்பு.

எஃபுவா நிறுத்தவில்லை. கடைசி அடிவரை ஆடி முடித்தாள். முடித்தபின் மேடையில் நின்றபடியே கண்களால் என்னைத் தேடினாள். நான் ஷாலினியின் முதுகுக்குப் பின்னால் குனிந்து, அவிழாத சலங்கையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

கோப்பை எங்களுக்குக் கிடைத்தது. யார் ஆட்டத்தை யார் திருடினார்கள் என்று முறைப்பாடு எழுந்தது. மாணவர் சங்க அலுவலகத்தில் எங்கள் இருவரையும் ஒரே மேசைக்கு முன்னால் இருத்தி விசாரித்தார்கள். "இவளுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்" என்றாள் எஃபுவா. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தினால் 'கோபக்காரக் கறுப்பினப் பெண்' என்று பெயர் வைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

நான், "இது எங்கள் மரபு நடனம். போரில் எல்லாம் அழிந்துபோனதால் ஆதாரம் இல்லை" என்றேன்.

ஆம்... போரையும் இழுத்தேன்! இதை எழுதும்போது விரல் கூசுகிறது. அம்மாவும் அப்பாவும் எதைத் தாண்டி இந்த நாட்டுக்கு வந்தார்களோ, அதை ஒரு நடனக் கோப்பைக்காகச் சாட்சிக்கு அழைத்தேன்.

விசாரித்த வெள்ளைக்காரப் பெண் என்னைக் கனிவோடு பார்த்தார். ஒரு சமூகத்தின் மரபைக் கேள்வி கேட்கத் தங்களுக்கு உரிமையில்லை என்றார். கோப்பை எங்களிடமே இருந்தது. எஃபுவாவின் குழுவுக்கு அடுத்த ஆண்டு மேடை மறுக்கப்பட்டது. அதுமட்டுமா? பிறர் பண்பாட்டைக் களவாடக்கூடாது என்பது பற்றி ஒரு பயிற்சி வகுப்புக்கும் அனுப்பினார்கள். யாரை? எஃபுவாவை!

வெளியே வந்ததும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "என் பெயரைச் சொல்ல உனக்கு அவ்வளவு வெட்கமா?"

நான் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அதன்பின் ஆய்வுகூடத்தில் அவள் இடம் மாறி அமர்ந்தாள்.

பொய் அங்கேயே செத்திருக்கும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். விம்பிள்டனில் ஒரு கலியாண வீட்டில் யாரோ அம்மாவிடம் கேட்டார்கள்: "உங்கட ஊரில அறுவடைக்கு ஆடுறவையாமே?" அம்மா என்னைப் பார்த்தார். நான் தலைகுனிந்தேன். "ஓம் ஓம், அந்த நாளில ஆடுறவை" என்றார் அம்மா. பக்கத்தில் இருந்த பெரியம்மா ஒரு படி மேலே போனார். "நான் சின்னனில கண்ணால கண்டிருக்கிறன்!"

காரில் வரும்போது அம்மா, "ஏனடி இப்பிடிச் சொன்னனீ?" என்றார். "நீங்கள் ஏன் ஓம் எண்டனீங்கள்?" என்றேன்.

பிறகு ஷாலினி தமிழ்ப் பள்ளியில் நடனம் பழக்கப் போனாள். வருடாவருடம் இதையே பழக்கினாள். இப்போது என் மகள் ஆரணிக்கு எட்டு வயது. போன மாதம் வீட்டுக்கு வந்து, "அம்மா, நான்தான் முன்வரிசை!" என்று குதித்தாள். எங்கள் வரவேற்பறையில், காலுறையோடு, இரண்டு உதை, ஒரு தட்டு, மூச்சடக்கல்...

அன்று எஃபுவாவைத் தேடி எழுதினேன். பதினைந்து ஆண்டுக்குப் பிறகு! நீண்ட கடிதம். அவளுடைய பதில் இரண்டு வரி. "நடந்தது எனக்குத் தெரியும். தெரியாதவர்களிடம் சொல்."

தமிழ்ப் பள்ளித் தலைமை ஆசிரியையிடம் போனேன். "ரீச்சர், இந்த ஆட்டம் எங்கடை இல்லை. ஒரு கானாப் பிள்ளை உருவாக்கினது. நான் களவெடுத்தனான்."

அவர் சிரித்தார். "சும்மா இரும் பிள்ளை. உமக்கு வயசு காணாது. எங்களிட்ட இருந்துதான் அவையளுக்குப் போயிருக்கும்!"

"இல்லை ரீச்சர்! பெக்கத்தில, பதினைஞ்சு வருசத்துக்கு முந்தி..."

"கடல் வழியாப் போயிருக்கும். எங்கட ஆக்கள் போகாத இடமே?"

ஷாலினியைத் தொலைபேசியில் பிடித்தேன். உண்மையைச் சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும், நிரு. இப்ப அதைக் கிண்டி என்ன? பிள்ளையளுக்கு விருப்பமா இருக்கு" என்றாள். அப்பவே தெரியும்! பதினைந்து ஆண்டுகள் நான் யாருக்குப் பயந்து பொய்யைக் காத்தேனோ, அவளுக்கே தெரிந்திருந்தது...

ஆகவே, போன சனிக்கிழமை விழாவில், சிறுமிகள் ஆடி முடித்ததும் மேடையேறி மைக்கை வாங்கினேன். "இந்த ஆட்டத்தை ஆக்கினவளின்ர பேர் எஃபுவா. அவள் ஒரு கறுப்பினப் பெண். எங்களுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இதில ஒரு பங்கும் இல்லை. நான் பொய் சொன்னனான்" என்றேன். தெளிவாகத்தான் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

தலைமை ஆசிரியை மெல்ல வந்து என் கையிலிருந்து மைக்கை எடுத்தார். "பாத்தீங்களே! எங்கட கலையைக் கறுப்பினப் பிள்ளையளும் ஆடுகினம் எண்டு எவ்வளவு பணிவாச் சொல்லுறா!"

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். மகளும் தட்டினாள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? மறுபடி மைக்கைப் பறித்திருக்க வேண்டும். கத்தியிருக்க வேண்டும். நானோ, பழக்கதோஷத்தில், இரண்டு கையையும் கூப்பி, அந்தக் கைதட்டலுக்குக் கும்பிட்டு இறங்கினேன்.

எஃபுவாவுக்கு இன்னும் எழுதவில்லை. என்னவென்று எழுதுவேன்? சொன்னேன் என்றா... கும்பிட்டேன் என்றா?