பச்சைப் புள்ளி இருக்கா, பாத்துச் சொல்லு

சாக்லேட் விற்பது இனிப்பான வேலை என்று நினைக்கிறவர்கள் ஒரே ஒரு நாள் எங்கள் கவுன்டருக்குள் வந்து நின்று பார்க்கலாம். எங்கள் முதலாளிக்குக் கடலூரில் ஒரு கடை, சிதம்பரத்தில் ஒரு கடை; இரண்டிலும் சாக்லேட்டோடு ஸ்வீட்டும் கேக்கும் உண்டு. நான் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி, எங்கே ஆள் குறைகிறதோ அங்கே போய் நிற்பேன். ஊர் மாறினாலும் கேள்வி மாறாது: "இது சைவமா? முட்டை கிட்டை இருக்கா?" பாக்கெட் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம், காபிக்கொட்டை நிறத்தில் இருந்தால் அசைவம். இதைச் சொல்ல ஒரு ஆளா என்று கேட்பீர்கள். ஜவுளிக் கடையோ மருந்துக் கடையோ, கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறவராக இருந்தால் கேட்க மாட்டீர்கள்.

பாலும் கூடாது, தேனும் கூடாது

சிதம்பரம் கடைக்குக் காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி வந்தாள். "அக்கா, வீகன் ஸ்வீட் ஏதாவது இருக்கா?" என்றாள். நான் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன்: "மாஸ்டர், பால், நெய், தேன் எதுவுமே சேராத ஸ்வீட்டு நம்மகிட்ட என்னா இருக்கு?" முருகேசன் மாஸ்டர் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஏம்மா, ஒடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்றார். உடம்புக்கு ஒன்றும் இல்லை, மாட்டிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்வதில்லை என்று அவள் பொறுமையாக விளக்கினாள்.

மாஸ்டர் கண்ணாடிப் பெட்டியை மேல் தட்டிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். மைசூர்பாகு, பால்கோவா, ஜாங்கிரி எல்லாம் அடிபட்டுப்போயின. கடைசியில் கீழ்த்தட்டில் யாரும் கேட்காமல் கிடந்த எள்ளுருண்டையையும் பொரி உருண்டையையும் எடுத்து வைத்தார். "உருட்டறப்போ கையில அரிசி மாவுதான் தொட்டுப்பேன், நெய் இல்ல" என்று உறுதியும் கொடுத்தார். அவள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போன பிறகும் அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். "நாங்க சின்னப் புள்ளயில வேற எதுவும் கெடைக்காம தின்னதுக்கு, இப்ப இங்கிலீஷ்ல பேரு வச்சிருக்காங்க செல்வி!"

வலமிருந்து இடம்

கடலூர் கடையின் பழைய வாடிக்கையாளர் வக்கீல் சார், சுத்த சைவம். துபாயிலிருந்து வந்த கட்சிக்காரர் ஒருவர் கொடுத்ததாக ஒரு சாக்லேட் டப்பாவைக் கொண்டுவந்து கவுன்டரில் வைத்தார். புள்ளி எதுவும் இல்லை. மேலே ஒட்டியிருந்தது முழுக்க அரபி. எனக்குத் தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும்தான். தெரியவில்லை சார் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் கேக்குக்காக நின்றிருந்த பரங்கிப்பேட்டை பாய், பல வருஷம் சவுதியில் கடை வைத்திருந்தவர். "இங்க குடுங்க சார்" என்று டப்பாவை வாங்கி, வலப்பக்கத்திலிருந்து விரலை நகர்த்தினார். "சக்கரை... பாலு..." என்று படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். "சார், ஜெலட்டின் போட்டிருக்கான். மாட்டு ஜெலட்டின். ஒங்களுக்கு ஆகாது. கீழ ஹலால்னு இருக்கு, எங்களுக்கு ஆகும்."

வக்கீல் சார் டப்பா மேலிருந்த கையைச் சட்டென்று எடுத்தார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப நீங்களே எடுத்துட்டுப் போங்க பாய், பசங்க சாப்பிடட்டும்" என்று டப்பாவைத் தள்ளிவிட்டார். பாய் தயங்கவில்லை. "கேஸ் நீங்க ஜெயிச்சீங்க, ஃபீஸ் எங்க வூட்டுப் புள்ளைங்களுக்கு வருது சார்!"

டிரம்மு மேல் எழுத்து

செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவர், யூனிஃபார்மோடு வந்தார். பையனுக்குப் பிறந்தநாள். பையனுக்குப் பால் ஆகாது. ஒரு தடவை பால்கோவா துளி வாயில் பட்டு, மூச்சு அடைத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். வெளிநாட்டுச் சாக்லேட் ஒன்றை எடுத்து, "இதுல வீகன்னு போட்டிருக்கு, பாலே இல்ல, இதக் குடுங்க" என்றார். முகத்தில் அவ்வளவு நிம்மதி. நான் பாக்கெட்டைத் திருப்பினேன். கடைசி வரியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், பால் சாக்லேட் ஓடுகிற அதே மெஷினில் செய்தது, பால் கலந்திருக்கலாம் என்று இருந்தது.

"அண்ணே, வீகன்னா பால் சேக்கலன்னுதான் அர்த்தம். ஒட்டவே இல்லன்னு அர்த்தமில்ல. இது வேணாம்" என்றேன். முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார், பார்க்கட்டும். எங்கள் ஸ்வீட்டையும் தர முடியவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே கரண்டி. வீட்டிலேயே தேங்காயும் வெல்லமும் கிளறிக் கொடுங்கள் என்று வெறுங்கையோடுதான் அனுப்பினேன். அவர் அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை தானே படித்துவிட்டு, பாக்கெட்டை மெதுவாகக் கீழே வைத்தார். "கம்பெனில டிரம்மு மேல இருக்கிற கடைசி எழுத்து வரைக்கும் படிக்காம மூடியத் தொறக்க மாட்டேம்மா, எம் புள்ளைக்கு வாங்கறப்போ மேலாப்புல பாத்துட்டு நிக்கிறேன்."

வட்டமும் முக்கோணமும்

சிதம்பரம் கடைக்குச் சாயங்காலத்தில் ஒரு பெரியவர் வருவார். ஒரு சாக்லேட்டை எடுப்பார், வெளிச்சத்தில் திருப்புவார், திரும்ப வைத்துவிட்டு பிஸ்கட் வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஒரு நாள் கூட்டமில்லாத நேரம் பார்த்து என் பக்கத்தில் வந்தார். "எனக்குப் பச்சையும் செவப்பும் பிரிச்சுத் தெரியாதும்மா. பொறந்ததுலேருந்தே. எல்லாம் மண்ணு நெறம்தான்." வீட்டில் சைவம். இவ்வளவு காலம் மனைவி பார்த்து வாங்கி வந்தாராம். அந்த அம்மா போன வருஷம் தவறிவிட்டார். யாரிடமாவது கேட்டால் சிரிப்பார்களோ என்று சாக்லேட்டையே விட்டுவிட்டார்.

இப்போது புதிதாக வருகிற பாக்கெட்டுகளில் அசைவத்துக்கு முக்கோணம் போடுகிறார்கள். இரண்டு பாக்கெட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "வட்டம்னா எடுங்க, முக்கோணம்னா வச்சுடுங்க. பழைய பாக்கெட்டுல ரெண்டும் வட்டமா இருக்கும், அதனால வட்டம்னாலும் எங்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க." அவர் தானே தேடி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். சரிதான் என்றேன். அங்கேயே பிரித்து ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டார். "இத்தினி வருஷமும் அவ சொன்னதுதாம்மா எனக்குப் பச்சை."

அஞ்சலை அக்கா

தேவனாம்பட்டினம் அஞ்சலை அக்கா கடலூரில் மீன் விற்கிறவர். மகளுக்குப் பிறந்தநாள், வகுப்பில் கொடுக்க சாக்லேட் வேண்டும் என்று வந்தார். வந்தவர் வாங்கவில்லை. "போன வருசம் குடுத்தப்ப, பக்கத்துல ஒக்கார்ற பொண்ணு வேணாம்னு இவ கையிலயே திருப்பி வச்சிடுச்சு. வூட்டுக்கு வந்து சட்டைய மோந்து மோந்து பாக்குறா. எம்மேல மீன் வாசன அடிக்குதாம்மான்னு கேக்குறா" என்றார். என்ன மிட்டாய் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "பஞ்சாட்டம் இருக்குமே, ரோஸ் கலருல."

எனக்குப் புரிந்தது, பஞ்சுமிட்டாய் இல்லை, மார்ஷ்மெல்லோ. "அக்கா, அது மாட்டுத் தோலு, எலும்புலேருந்து எடுக்கிற ஜெலட்டின் போட்டது. அந்தப் பொண்ணு வூட்டுல சைவமா இருக்கலாம்." அவர் என் முகத்தையே பார்த்தார். "அப்ப எம் பொண்ண வேணாங்கலியா?" ஆமாம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் யாருக்குத் தெரியும்? "தெரியலக்கா. இந்தத் தடவ பச்சைப் புள்ளி குடுத்துப் பாப்போம்" என்றேன். ஒவ்வொரு பாக்கெட்டாக என்னைப் படிக்க வைத்துக் கேட்டார். முட்டை இல்லை, ஜெலட்டின் இல்லை என்று இருவரும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். அவர் போன பிறகு எனக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது. இதுவும் திரும்பி வந்தால் அந்தக் குழந்தைக்கு என்ன சமாதானம் சொல்வது?

பிறந்தநாளுக்கு மறுநாள் காலையில், மீன் கூடையோடு இருந்ததால் உள்ளே வராமல், வாசலிலிருந்தே தெருவுக்கெல்லாம் கேட்கிற மாதிரி கத்தினார். "செல்வி! அந்தப் பொண்ணு ரெண்டு எடுத்துக்கிச்சாம்! ஒண்ணு அவுங்க அம்மாவுக்காம்!"

ஊரார் நாக்கைக் காப்பாற்றப் பொடி எழுத்து படித்துப் படித்து, எனக்கு இதுவரை கிடைத்த ஒரே பதவி உயர்வு மூக்கின் மேல் ஏறிய கண்ணாடிதான்.