கொக்கு வண்டியில் தொப்பூர் இறக்கம்

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பெண் பார்க்கப் போன இடத்தில்கூடப் பெண்ணைப் பற்றி இரண்டு வார்த்தையும் காரைப் பற்றி இரண்டு மணி நேரமும் பேசிவிட்டு வந்தவர். அந்தப் பழைய அமெரிக்கக் காரை பெங்களூரில் ஏதோ ஒரு பங்களாவிலிருந்து வாங்கி வந்து, தருமபுரியில் மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். பானட்டின் நுனியில் கழுத்தை வளைத்துச் சிறகு விரித்த ஒரு வெள்ளிநிறப் பறவை நிற்கும். கம்பெனிப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் ஊருக்கு அது கொக்கு வண்டி. போட்டிக்குக் கடைத்தெருக்காரர் ஒருவர் வைத்திருந்ததும் அமெரிக்கக் கார்தான். பின்பக்கம் மீன் வால்போலத் தகடு தூக்கிக்கொண்டிருந்ததால் அது வால் வண்டி. கல்யாண வீட்டார் பெரும்பாலும் வால் வண்டியைத்தான் கேட்பார்கள். மாமாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எண்பதுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, சேலத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். ஊர்வலத்துக்குக் கொக்கு வண்டி என்று பேச்சு. அப்பாவும் அம்மாவும் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார்கள். நானும் நாலு வயதுத் தம்பியும் மாமாவோடு காரில்.

கிளம்புமுன் வண்டிக்குப் பூ வைக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். கொக்கின் கழுத்தில் சாமந்திச் சரத்தைக் கட்டி இறுக்கி இழுத்தேன். எப்போதோ உடைந்து பற்றவைத்த கழுத்து போலிருக்கிறது, தலை என் கையோடு வந்துவிட்டது. மாமா தினமும் காலையில் சாமி படத்தைத் துடைக்கிற மாதிரி துடைக்கிற கொக்கு அது. தலையைப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு, மொட்டைக் கழுத்தைச் சுற்றிப் பூவைப் பந்தாகச் சுற்றினேன்.

முன்சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் பூப்பந்து மாமாவின் கண்ணுக்கு நேர் எதிரே இருந்தது. காற்றில் இதழ் இதழாகப் பிய்ந்து பறந்தது. நல்லம்பள்ளி தாண்டும்போது பாதிப் பூ இல்லை. கடவுளே, சேலம் வரை தாங்கட்டும் என்று வேண்டிக்கொண்டே வந்தேன்.

தொப்பூர் மலை இறக்கத்தின் முதல் வளைவிலேயே மாமாவின் முகம் மாறியது. காலால் எதையோ மிதித்தார். மறுபடி மிதித்தார், மிதித்துக்கொண்டே இருந்தார். கண் இமைக்காமல் நேரே முன்னால் பார்த்தார். பார்த்துவிட்டார், நான் தொலைந்தேன் என்று நினைத்தேன்.

திடீரென்று பேச ஆரம்பித்தார். "இங்க பாரு கண்ணு, எல்லாரும் வால் வண்டிங்கறாங்க. வாலு என்னாத்துக்கு ஆவும்? நம்ம வண்டிக்கு எட்டு சிலிண்டரும் ஒரே வரிசையில நிக்குது. ஓடற இஞ்சின் மேல ஒத்த ரூவாய நட்டமா நிறுத்துனா வுழாது. அந்தக் கம்பெனிக்காரன் பாக்கறவனுக்குச் செஞ்சான். இவன் ஓட்டறவனுக்குச் செஞ்சான் சாமி."

நூறு முறை கேட்ட பேச்சுதான். ஆனால் இப்படி உரக்க, மூச்சு விடாமல் அவர் பேசியதில்லை. நெற்றியிலிருந்து வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. கியர் கம்பியை முழு பலத்தோடு இழுத்தார். ஓடுவதே தெரியாது என்று அவர் பீற்றிக்கொள்ளும் இஞ்சின் அலறியது. முன்னால் ஊர்ந்த லாரியை, ஆரனில் வைத்த கையை எடுக்காமல், உரசுகிற மாதிரித் தாண்டினார். வலப்பக்கம் பள்ளம். என் மேலுள்ள கோபத்தில்தான் இப்படி ஓட்டுகிறார், இரண்டு பேரையும் பள்ளத்தில் தள்ளிவிடப் போகிறார்!

"மாமா, நாந்தாங்க மாமா கொக்க ஒடச்சேன்!" என்று கத்தினேன்.

"ஒடஞ்சா ஒடஞ்சுட்டுப் போவுது கண்ணு. தம்பியக் கெட்டியாப் புடிச்சுக்க" என்றவர், நிறுத்தாமல் மறுபடி எட்டு சிலிண்டருக்குப் போய்விட்டார். அடி பிறகு விழும் என்று புரிந்துகொண்டு, அந்தச் சத்தத்திலும் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தம்பியைக் கட்டிப்பிடித்தேன்.

அடிவாரம் தாண்டி ரோடு சற்று மேலேறும் இடத்தில் வண்டி தானாகவே தளர்ந்து நின்றது. மாமா இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். முன்னால் போய் மட்கார்டில் சாய்ந்து, தலையில்லாத கொக்குக்குப் பக்கத்தில் நின்று, ஏங்கி ஏங்கி அழுதார். ஒரு கொக்குத் தலைக்கு ஓர் ஆண்பிள்ளை இப்படியா அழுவார்? நாலு அறை விட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது. எங்களைச் சேர்த்து அணைத்து, "அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லக் கூடாது" என்றார். என் குற்றத்தை மறைத்துக் காப்பாற்றுகிறார் என்று நம்பி, நானும் வருடக்கணக்கில் வாயைத் திறக்கவில்லை.

என் கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள்தான் கேட்டேன், அன்று ஏன் அப்படி அழுதீர்கள் என்று.

"மொத வளைவுலயே பிரேக்கு சுத்தமா போயிடுச்சு கண்ணு. கீழ் கியர்ல அந்த இஞ்சின்தான் நம்மளப் புடிச்சுப் புடிச்சு எறக்குச்சு."

"அப்ப வழியெல்லாம் வண்டிப் பெருமையே பேசிக்கிட்டு வந்தீங்களே?"

"வாய மூடுனா அழுதுருவேன்னு இருந்துச்சு. நான் அழுதா நீ பயந்துக்குவியே."